சுட்ட கோதும் உருக்கு அச்சும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே இலக்கு நோக்கிச் சுடும் களமொன்றுக்குச் செல்பவர், வெடியோசை அடங்கியபின் ஒரு காட்சியைக் காண்பர். வழக்கறிஞரும் வைத்தியரும் பண்ணைக்காரருமாகிய பெரிய மனிதர்கள், சூடு மிதித்த களத்திலே சிந்திய நெல்லைப் பொறுக்குவார் போல, நிலத்திற் குனிந்து சிறு பித்தளைக் கோதுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பெட்டியில் அடுக்குவர். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தாலும் புல்லை விலக்கித் தேடுவர். வெடித்துத் தீர்ந்த தோட்டாவின் வெற்றுக் கோதிலே இத்துணை ஆசை எதற்கு என்று புதியவர் வியப்பது இயல்பே.

காரணம் எளியது. தோட்டா என்பது நான்கு பொருள்கள் கூடியது: முன்னே செல்லும் குண்டு, அதனைத் தள்ளும் மருந்து, மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு, இம்மூன்றையும் ஏந்தி நிற்கும் பித்தளைக் கோது. சுட்டவுடன் முதல் மூன்றும் செலவாகிவிடுகின்றன. கோது மட்டுமே எஞ்சுகின்றது. நான்கினுள்ளும் விலை கூடியது பெரும்பாலும் அதுவே. புதிய கேப்பும் மருந்தும் குண்டும் இட்டால் அக்கோது மீண்டும் தோட்டாவாகும். பல முறையும் ஆகும். சட்டம் இடந்தரும் அமெரிக்கா போன்ற நாடுகளிலே இவ்வாறு தோட்டாவைத் தாமே மீளச் செய்துகொள்வோர் ஏராளம். சிக்கனம் கருதித் தொடங்குவோர் பலர். நுட்பத்தில் மயங்கி அதிலேயே நின்றுவிடுவோர் அவரினும் பலர்.

ஆனால் சுட்ட கோது, சுடுமுன் இருந்த கோது அன்று. அது பருத்துவிட்டது. அதனை மீண்டும் அளவுக்குக் கொணர வேண்டும். எந்த அளவுக்கு என்பதே இப்பேச்சின் பொருள். பார்வைக்கு அற்பமாகத் தோன்றும் இக்கேள்வியிலே ஒருவருடைய வெற்றிக் கேடயமும் இருக்கின்றது, கண்பார்வையும் இருக்கின்றது.

கோதின் உறுப்புகளுக்கு மனித உடலின் பெயர்களையே இட்டிருக்கின்றனர். கேப்புப் பொருந்தும் தடித்த பின்பகுதி அடி. அதிலிருந்து மேலேறுவது உடல். உடல் சட்டென்று சரிந்து ஒடுங்குமிடம் தோள். தோளுக்கு மேலே குண்டைப் பற்றியிருக்கும் குறுகிய குழாய் கழுத்து. கழுத்தின் முடிவு வாய். துவக்குக் குழலின் பின்னந்தலையிலே இக்கோது சென்று அமர்வதற்கென வெட்டப்பட்ட குழி அறை எனப்படும். அறையின் வாயை அடைத்துக் கோதின் அடியைத் தாங்கி நிற்பது தாழ். ஆங்கிலத்தில் போல்ட் என்பர்.

கோது எளிதாக உட்புக வேண்டுமாயின் அறை கோதினும் சிறிது பெரிதாயிருத்தல் வேண்டும். சுடும் பொழுதில் நிகழ்வது இது. ஊசி கேப்பை அடிக்கின்றது. அந்த அடியே கோதை முன்தள்ளித் தோளை அறையின் தோளோடு முட்டச் செய்கின்றது. மருந்து எரிந்து வாயுவாகின்றது. பெயர்பெற்ற .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு அமெரிக்காவில் விதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 இறாத்தல். மோட்டார் வண்டிச் சக்கரத்துள் அடைத்த காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 30 இறாத்தல் என்பதை நினைத்தால், இது அதனினும் இரண்டாயிரம் மடங்கு என்பது விளங்கும். இந்த அழுத்தத்தின் முன் மெல்லிய பித்தளை பலூன்போல் உப்பி அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கின்றது. அவ்வாறு ஒட்டிக்கொள்வதனாலேயே வாயு பின்புறமாகச் சீறி, சுடுபவரின் முகத்தைத் தாக்காமல் இருக்கின்றது. குண்டு குழலை விட்டு நீங்கியதும் அழுத்தம் தணிய, பித்தளை தன் மீள்தன்மையால் மயிரிழையளவு சுருங்குகின்றது. அந்தச் சுருக்கம் இல்லையேல் கோதை வெளியே இழுக்க இயலாது. செம்பு எழுபது பங்கும் நாகம் முப்பது பங்குமாகக் கலந்த பித்தளையை இத்தொழிலுக்குத் தெரிந்தெடுத்தமைக்கு இவ்விரட்டைக் குணமே காரணம்: விரியவும் வல்லது, விரிந்தபின் சற்றே மீளவும் வல்லது.

சற்றே மீள்கின்றது, முற்றாக மீள்வதில்லை. வெளியே வந்த கோதின் உடல் பருத்திருக்கும், தோள் முன்னேறியிருக்கும், கழுத்து அகன்று குண்டைப் பற்றும் வலிமையை இழந்திருக்கும். இதனை ஒடுக்குவதற்காகவே உருக்கினாலான அச்சைச் செய்தனர். டை என்று ஆங்கிலத்தில் வழங்கும் இவ்வச்சு, உள்ளே கோதின் வடிவமாகக் குடைந்து கடினப்படுத்திய ஓர் உருக்கு உருளை. நெம்புகோல் பொருத்திய அழுத்துபொறியின் தலையிலே இதனைத் திருகிப் பூட்டி, கீழிருந்து கோதை மேலே செலுத்தினால், கோது குடைவின் வடிவத்தைப் பெற்றுத் திரும்பும். அச்சின் வெளிப்புரி அங்குலத்தின் எட்டில் ஏழு பங்கு விட்டமும் அங்குலத்துக்குப் பதினான்கு சுற்றும் உடையதாய் இருப்பதே பொதுவழக்கு. ஆதலால் ஒருவர் செய்த அச்சு மற்றொருவர் செய்த பொறியிலே பொருந்தும். இத்துறையில் இன்றும் பெயர்பெற்ற ஆர்.சி.பி.எஸ். நிறுவனத்தை 1943ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாநிலத்து ஓரோவில் என்னும் ஊரிலே பிரெட் ஹன்டிங்டன் என்பவர் தொடங்கினார். அவர் முதலிற் செய்தது கோதுக்கான அச்சு அன்று. குண்டு செய்வதற்கான அச்சு. மலையணில் போன்ற ஒரு பிராணியைச் சுடுவதற்கான குண்டு அது. அப்பிராணியின் பெயரே நிறுவனத்தின் முதலெழுத்துகளுள் ஒளிந்திருக்கின்றது என்பது பலர் அறியாத வேடிக்கை.

அச்சு வாங்கச் செல்பவர் கடையிலே திகைத்து நிற்பர். முழுநீள அச்சு, கழுத்தச்சு, உடலச்சு, வளையம் மாற்றும் அச்சு, சிற்றடி அச்சு என்று ஒரே தோட்டாவுக்கு ஐந்தாறு வகை இருக்கும். விலை கூடியது சிறந்தது என்று எண்ணி வாங்குவார் பலர். அது பெரும்பாலும் தவறான வழி.

முழுநீள அச்சை முதலில் நோக்குவோம். இது கழுத்து, தோள், உடல் மூன்றையும் ஒருசேர ஒடுக்குவது. இதனைச் செய்பவர் யாருடைய துப்பாக்கிக்கென்று அறியாமலே செய்கின்றனர். அங்காடியில் தைத்து விற்கும் சட்டை போன்றது இது. அமெரிக்காவிலே 1926ஆம் ஆண்டில் அமைந்த உற்பத்தியாளர் கழகம் தோட்டாவுக்கும் அறைக்கும் அளவெல்லைகளை வகுத்திருக்கின்றது. .308 வின்செஸ்டரின் அறையிலே, தாழின் முகத்திலிருந்து தோளின் குறித்த இடம்வரை உள்ள தூரம் 1.630 அங்குலத்துக்குக் குறையாமலும் 1.640 அங்குலத்துக்கு மிகாமலும் இருக்கலாம். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு அங்குலத்தில் ஆயிரத்திற் பத்துப் பங்கு. தச்சர் நூல் என்று வழங்குவது அங்குலத்தின் எட்டிலொரு பங்கு. அந்த ஒரு நூலை நூற்றிருபத்தைந்து கூறாக்கினால் ஒரு கூறே ஆயிரத்திலொன்று. இத்தொழிலில் ஈடுபடுவோர் நாள்தோறும் பேசுவது இந்தக் கூறைப்பற்றியே.

எல்லையினுள் மிகச் சிறிய அறையிலும் தம் அச்சினால் ஒடுக்கிய கோது புக வேண்டும் என்பது அச்சுச் செய்பவரின் கவலை. ஆகவே அச்சை ஒடுக்கமாகவே குடைவர். ஒருவருடைய துப்பாக்கியின் அறை அகன்றதாயிருப்பின், சுடும்போதெல்லாம் கோது மிகுதியாக விரியும். அச்சிலிடும்போதெல்லாம் மிகுதியாக ஒடுங்கும். கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்தால் ஒடிவது போல, பித்தளையும் விரைவிலே சோர்ந்துவிடும்.

சோர்வு மட்டுமன்று, பேராபத்தும் உண்டு. தோளை அளவுக்கு மீறிப் பின்தள்ளிவிட்டால், கோது அறைக்குள் குட்டையாய்க் கிடக்கும். ஊசி அடித்தவுடன் அது முன்னே ஓடித் தோளில் முட்டும். அப்பொழுது அதன் அடிக்கும் தாழின் முகத்துக்கும் நடுவே வெற்றிடம் உண்டாகும். அழுத்தம் ஏறியதும் முன்பகுதியின் மெல்லிய சுவர் அறையை இறுகப் பற்றிக்கொள்ளும். தடித்த அடியோ விரிந்து பற்றமாட்டாது. பின்னோக்கித் தாழின் முகம்வரை தள்ளப்படும். முன்பாதி நகராது, பின்பாதி நகரும். ஆகவே இரண்டும் சேருமிடத்திலே, அடிக்குச் சற்று மேலே, பித்தளை இழுபட்டு மெலியும். மறுமுறை தோளைப் பின்தள்ளினால் மறுமுறையும் மெலியும். நான்கு அல்லது ஐந்து முறைக்குள் கோது இரண்டாக அறுந்து, முன்பாதி அறையிலேயே தங்கிவிடவும் கூடும். அடைப்பு அறுந்த வழியே சூடான வாயு பின்புறம் பாயும். கண்ணாடி அணியாமற் சுடுபவருக்கு அதன் பொருள் யாதென்று விரித்துரைக்க வேண்டியதில்லை.

இந்த மெலிவு வெளியே தெரிவதற்கு முன்னே உள்ளே தெரியும். அனுபவசாலிகள் காகிதம் கோக்கும் கம்பி ஒன்றை நிமிர்த்தி, நுனியைச் சிறு கொக்கியாக வளைத்துக் கூராக்கி, கோதின் வாய்வழியே விட்டு உட்சுவரைத் தடவிப் பார்ப்பர். அடிக்கு அண்மையிலே கொக்கி ஒரு பள்ளத்தில் இடறினால் அக்கோதின் ஆயுள் முடிந்தது. வெளியே அவ்விடத்தில் ஒரு பளபளப்பான வளையம் தோன்றுவதும் உண்டு. எனினும் அச்சு உரசியதனாலும் அத்தகைய மினுக்கம் வரும். ஆதலால் கண்ணைவிடக் கம்பியையே நம்புவர்.

இவ்விடர்ப்பாட்டுக்குச் சிறந்த சான்று பிரித்தானியப் படையின் .303 தோட்டா. 1888ஆம் ஆண்டில் வழக்குக்கு வந்த இத்தோட்டாவும், பின்னர் அதனைச் சுட்ட லீ-என்பீல்ட் றைபிளும், பிரித்தானியக் கொடி பறந்த நாடுகள் யாவற்றிலும் அறியப்பட்டவை; இலங்கையும் அதற்கு விலக்கன்று. .303 கோதின் அடியிலே வெளிநீட்டிய விளிம்பு ஒன்றுண்டு. அறையினுள் கோது எவ்வளவு முன்செல்லலாம் என்பதை அவ்விளிம்பே தடுத்து நிறுத்தும். தோளுக்கு அந்த வேலை இல்லை. விளிம்புக்கென விடப்படும் இடம் ஆயிரத்தில் 64 முதல் 74 பங்குவரை இருக்கலாம் என்பது விதி. விளிம்பின் கணக்கு இவ்வளவு கண்டிப்பாக இருக்க, தோளின் முன்னே உள்ள இடத்தைப்பற்றிப் போர்க்காலத்துத் தொழிற்சாலைகள் கவலைப்படவில்லை. அகழியின் சேறும் புழுதியும் படிந்த தோட்டாவும் தடையின்றிப் புகவேண்டும் என்று அறையைத் தாராளமாகவே வெட்டினர். போர்வீரனுக்கு அது நன்மையே. அவன் கோதைப் பொறுக்கி மீளப் பயன்படுத்துவதில்லை. ஆனால் அத்துப்பாக்கியைப் பின்னாளில் வாங்கி இலக்குச் சுடுவோர், முழுநீள அச்சில் கோதை இறுதிவரை செலுத்தினால், ஒவ்வொரு முறையும் தோள் நெடுந்தூரம் பின்சென்று, சுடும்போது மீண்டும் முன்செல்லும். அத்தோடு லீ-என்பீல்டின் தாழ் பின்புறத்திலே பூட்டப்படுவதாதலால், அழுத்தத்தின்போது அது சிறிது அமுங்கிக் கொடுக்கும். அதுவும் கோதை நீட்டும். நாலாம் இலக்க றைபிளிலே தாழின் தலையை மாற்றலாம். சுழி முதல் மூன்று வரை எண்ணிட்ட நான்கு நீளங்களில் அத்தலைகள் செய்யப்பட்டன. அவை விளிம்பின் இடைவெளியைக் குறைக்கும். தோளின் முன்னுள்ள வெற்றிடத்துக்கு அவற்றால் ஆவது ஒன்றுமில்லை. அதற்கு மருந்து அச்சின் அமைப்பிலேயே உண்டு: தோளைத் தொடாது கழுத்தை மட்டும் ஒடுக்குக என்பதே .303 சுடுவோருக்குப் பழகிய கைகள் கூறும் அறிவுரை. இடுப்பிலே பட்டி கட்டியது போன்ற கோதுகளும் உள்ளன. அவற்றுக்கும் இதே நியாயம் பொருந்தும்; பட்டியை மறந்து தோளையே அளவாகக் கொள்வர்.

இனிக் கழுத்தச்சு. பெயருக்கேற்ப இது கழுத்தை மட்டுமே ஒடுக்கும். அறையின் வடிவத்தைப் பெற்ற உடலும் தோளும் அவ்வாறே விடப்படும். கோது அந்த அறைக்கென்றே வார்த்தெடுத்தது போலாகிவிட்டது. இதனினும் பொருத்தமான கோது வேறெங்கே கிடைக்கும் என்பது கழுத்தச்சை விரும்புவோரின் வாதம். மேசையிலே மணற்பை வைத்து, அதன்மேல் துப்பாக்கியைச் சாய்த்து, 100, 200 யார் தூரத்தில் ஐந்து குண்டுகளை ஒரே துளையிற் புகுத்த முயலும் போட்டியாளர் நெடுங்காலம் இவ்வாதத்தை வேதம்போற் போற்றினர். சுடுகளத்திலேயே, ஒரு சுற்றுக்கும் மறுசுற்றுக்கும் இடையே, கையளவான அச்சொன்றை மேசையில் வைத்துக் கோதை மீளச் செய்வது அவர்களின் வழக்கம்.

ஆனால் வாதம் சரியாயிருந்தும் முடிவு முற்றும் சரியாக இருக்கவில்லை. பித்தளை ஒவ்வொரு வேட்டுக்கும் சிறிது சிறிதாக மீள்தன்மை குன்றி, அறையை மேன்மேலும் இறுக நிரப்பும். மூன்று நான்கு முறைக்குப்பின் தாழை மூடுவதே கடினமாகும். இறுகிய தாழைத் தள்ளும்போது மணற்பையிற் சாய்ந்த துப்பாக்கி அசையும். அசைந்தால் குறி பிசகும். 1970களின் நடுப்பகுதியிலே லூயி பால்மிசானோ, பெரிஸ் பின்டெல் என்னும் இருவர் ஆக்கிய 6 பி.பி.சி. என்ற குட்டைத் தோட்டா மேசைச் சுடுதலில் முதலிடம் பெற்றது. அழுத்தம் மிகுந்த அத்தோட்டாவைச் சுட்டவர்கள் இவ்விடையூற்றை நன்றாக உணர்ந்தனர். இன்று அப்போட்டிகளில் ஈடுபடுவோர் பலர் ஒவ்வொரு வேட்டின் பின்னும் முழுநீள அச்சையே கையாள்கின்றனர். ஆனால் அது அங்காடி அச்சு அன்று; தம் அறைக்கு ஏற்றவாறு தெரிந்தெடுத்த அச்சு. தோளை ஆயிரத்திலொன்று அல்லது இரண்டு பங்கு மட்டும் பின்தள்ளுவது. உடலையும் அவ்வளவே ஒடுக்குவது. கோது தடையின்றிப் புக வேண்டும். புகுந்தபின் தளரவும் கூடாது. முழுநீளமா கழுத்து மட்டுமா என்று கட்சி பிரிந்து வழக்காடியவர்கள் கேட்க வேண்டிய கேள்வி எவ்வளவு என்பதே.

எவ்வளவு என்று அறிய அளந்து பார்க்க வேண்டும். வேணியர் இடுக்கியின் தாடையிலே, தோளின் நடுவிற் பொருந்தும் துளையுடைய சிறு கட்டை ஒன்றைப் பூட்டி, சுட்ட கோதின் அடியிலிருந்து தோள்வரை அளப்பர். பழைய கேப்பைக் கழற்றிய பின்னரே அளக்க வேண்டும். அன்றேல் கேப்பின் பிதுக்கம் கணக்கைக் கெடுத்துவிடும். ஒருமுறை சுட்ட கோது அறையை முற்றாக நிரப்பியிருக்கும் என்று கொள்ளுதலும் தவறு. இரண்டு மூன்று முறை சுட்டு, தாழ் சற்றே இறுகத் தொடங்கும்போது பெறும் அளவே அறையின் உண்மையான அளவுக்கு அண்மையது. அந்த அளவிலிருந்து ஆயிரத்திலொன்று அல்லது இரண்டு குறையுமாறு அச்சைத் திருகி அமைப்பர். தானாகவே கோதைத் தள்ளி அடுத்ததை ஏற்றும் துப்பாக்கிகளுக்கு மூன்று முதல் ஐந்துவரை குறைப்பர். அங்கே கோது தானே புகவேண்டும், கையால் அழுத்திப் புகுத்துவாரில்லை.

இங்கே புதியவரை மயக்கும் விந்தை ஒன்றுண்டு. அச்சு வாங்கியவர், பெட்டியிலுள்ள குறிப்பின்படி அச்சைப் பொறியின் கோதுதாங்கியை முட்டும்வரை திருகினால் தோள் மிகுதியாகப் பின்செல்லும் என்று கேள்வியுற்று, முன்னெச்சரிக்கையாக அச்சை ஒரு சுற்று மேலே உயர்த்தி வைப்பர். கோதைச் செலுத்தி எடுத்து அறையில் இட்டால், முன்பு புகுந்த கோது இப்பொழுது புக மறுக்கும்! ஒடுக்கியபின் கோது பெரிதானது எவ்வாறு? அச்சு முதலில் தொடுவது உடலை. உடலை நெருக்கினால் பித்தளை போக்கிடமின்றி மேலே எழும். ஈரக் களிமண்ணைக் கையிற் பிடித்து நெரித்தால் விரலிடுக்கின் மேலாக எழுவதுபோல. ஆகவே தோள் முன்னோக்கி நகரும், கோது நீளும். அச்சை மேலும் இறக்கித் தோளையும் தொடச் செய்தபின்னரே அது திரும்பத் தாழும். இதனை அறியாதவர் அச்சு பழுது என்று கடைக்காரரோடு சண்டையிட்டதும் உண்டு. சிறிது சிறிதாக, ஒரு சுற்றின் எட்டிலொன்று, பதினாறிலொன்று என இறக்கி, ஒவ்வொரு முறையும் அளந்து செல்வதே வழி. திருகுவதற்குப் பதிலாக, ஆயிரத்தில் இரண்டிரண்டு பங்காக உயரம் வேறுபட்ட ஐந்து கோதுதாங்கிகளை ரெடிங் என்னும் நிறுவனம் விற்கின்றது. அச்சை ஒருமுறை இறுக்கி வைத்துவிட்டுத் தாங்கியை மாற்றினால் போதும். செலவு பாராதவர்க்கு அது நல்ல வசதி.

இதுவரை பேசியவை பெரும்பாலும் உயிர்க்காப்பைப் பற்றியவை. குறி தவறாமையைப் பற்றிய நுட்பம் கழுத்திலே உண்டு. அங்காடி அச்சு, சுவர் மிக மெல்லிய கோதும் குண்டைப் பற்றவேண்டும் என்பதற்காகக் கழுத்தைத் தேவைக்கு மிகுதியாக ஒடுக்கிவிடும். பின்பு அச்சின் நடுத்தண்டிலுள்ள குமிழ், கோது வெளியேறும்போது கழுத்தினூடாக இழுபட்டு அதனை விரித்துவிடும். ஒடுக்கியதை மீண்டும் விரிப்பதால் பித்தளை இருமுறை வேலை வாங்கப்படுகின்றது. அன்றியும் குமிழ் இழுக்கும் இழுப்பிலே கழுத்து ஒருபக்கம் சாயக்கூடும். தோள் முன்னே இழுபட்டு, அரும்பாடுபட்டு அமைத்த அளவு கெடவும் கூடும். கழுத்துச் சாய்ந்தால் குண்டு குழலின் நடுவச்சிலே நில்லாது சரிந்து நிற்கும். 100 யாரில் ஒரு அங்குலம் விலகச் செய்யும் கோணப்பிழை 1,000 யாரில் பத்தங்குலம் விலகச் செய்யும் என்பதை நினைக்க வேண்டும்.

இதற்குப் பரிகாரம் இரண்டு வகை. ஒன்று, கழுத்தை ஒடுக்கும் பகுதி மட்டும் தனி வளையமாக உள்ள அச்சு. பட்டறையார் இவ்வளையத்தைப் புஷ் என்பர். ஆயிரத்திலொரு பங்கு வேறுபாட்டில் வரிசையாக இவை கிடைக்கும். குண்டு இட்ட தோட்டாவின் கழுத்தை வெளியே அளந்து, அதனினும் ஆயிரத்திலொன்று அல்லது இரண்டு சிறிய வளையத்தை வாங்குவர். .308 குண்டையும் 14 ஆயிரம் பங்கு தடித்த சுவரையும் எடுத்துக்கொண்டால், இருபுறச் சுவரும் சேர 28, மொத்தம்.336 அங்குலம். அதற்கு .334 வளையம் போதும். அப்பொழுது குமிழை முற்றாகக் கழற்றிவிடலாம். ஆனால் குமிழைக் கழற்றினால், கழுத்துச் சுவரின் தடிப்பில் ஏற்றத்தாழ்வு இருப்பின் அது உட்புறத்திலே, குண்டைப் பற்றும் பக்கத்திலே தங்கிவிடும். கோது நல்லதாயிருந்தால் அல்லது கழுத்தைக் கடைந்து சமன் செய்திருந்தால் மட்டுமே வளைய அச்சு தன் விலைக்குப் பயன் தரும். கண்ட கோதுகளையெல்லாம் கலந்து வைத்திருப்பவர் விலை கூடிய வளைய அச்சை வாங்குதல், குண்டுங்குழியுமான ஒழுங்கைக்குப் பந்தயக் கார் வாங்குதல் போன்றது.

மற்றொன்று லீ நிறுவனத்தாரின் கொலெட் அச்சு. இதில் நடுத்தண்டு ஒன்று கழுத்தினுள் நிற்க, வெளியே விரல்கள் போற் பிளந்த உருக்குக் குழாய் கழுத்தைச் சுற்றிப் பிடித்துத் தண்டோடு அழுத்தும். உரசலும் இழுப்பும் இல்லை, எண்ணெயும் வேண்டியதில்லை. விலையும் குறைவு. உடலைத் தொடாத இதனோடு, உடலையும் தோளையும் மட்டும் ஒடுக்கும் உடலச்சு ஒன்றையும் சேர்த்துக்கொண்டால், இரண்டு எளிய அச்சுகளினால் ஒரு சிறந்த அச்சின் பயனைப் பெறலாம். கையிருப்பு அளவான ஒருவருக்கு இதுவே தக்க தெரிவு.

சிற்றடி அச்சுப்பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. அது அடிக்கு அண்மையிலே வழக்கத்தினும் ஒடுக்குவது. தானியங்கித் துப்பாக்கிகள் சிலவற்றுக்குத் தேவைப்படும். தாழைக் கையால் இயக்கும் துப்பாக்கி வைத்திருப்பவர் அதை வாங்கினால் கோதின் ஆயுளைக் குறைப்பதன்றி வேறு பயனில்லை. இவ்வனைத்துக்கும் மேலாக, தம் துப்பாக்கியிற் சுட்ட கோதுகள் சிலவற்றை அச்சுச் செய்பவருக்கு அனுப்பி, அவற்றின் அளவுக்கே அச்சுக் குடையச் செய்வாரும் உளர். தையற்காரரிடம் அளவு கொடுத்துத் தைப்பது அது. அந்த அச்சும் அந்தத் துப்பாக்கியும் பின்னர் பிரியா. குழலை மாற்றினால் அச்சும் மாறவேண்டும்.

எந்த அச்சாயினும், கொலெட் வகை நீங்கலாக, கோதுக்கு மெழுகோ கம்பளிக் கொழுப்போ பூசாமற் செலுத்தினால் அது உள்ளேயே இறுகிவிடும். பின்பு துளையிட்டுத் திருகாணி பூட்டித்தான் இழுக்க வேண்டும். முதன்முறை இத்தொழிலில் இறங்குவோருள் இவ்வனுபவம் பெறாதார் சிலரே. பூச்சு அளவு மீறினாலும் கேடு. மிகுந்த மெழுகு தோளிலே சேர்ந்து பள்ளம் விழச் செய்யும்.

அச்சில் நெருக்குண்ட பித்தளை சிறிது சிறிதாக முன்னோக்கி ஒழுகுவதால் கழுத்து நீளும். .308 கோதின் நீளம் 2.015 அங்குலத்தைத் தாண்டலாகாது. தாண்டுமாயின் வாய் அறையின் முனையிற் சிக்கிக் குண்டை இறுக்கி, அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு உயர்த்தும். ஆகவே 2.005 அங்குலத்துக்கு நறுக்கிவிடுவர். பலமுறை வேலை வாங்கப்பட்ட கழுத்து கடினமாகி, ஒரே அச்சில் ஒரே அமைப்பில் செலுத்தினாலும் வேறு வேறு அளவாக மீளத் தொடங்கும். அப்பொழுது கழுத்தையும் தோளையும் மட்டும் சில விநாடி சுடரிலே காய்ச்சி மென்மைப்படுத்துவர். அடி மென்மையாகவே கூடாது. அது மென்மையானால் அழுத்தத்தைத் தாங்காது. அளவுகள் ஒவ்வொரு கோதுக்கும் ஒவ்வொரு விதமாக வருகின்றன என்று அச்சை நொந்துகொள்பவர் பலரின் குறை உண்மையில் காய்ச்சப்படாத பித்தளையின் குறையே.

கம்பியின் கொக்கி உட்சுவரிற் பள்ளத்தைத் தொட்ட நாளிலே கோதின் பணி முடிகின்றது. கவனமுள்ளவர் அதனை வெறுமனே குப்பையில் எறிவதில்லை. வேறொருவர் பொறுக்கி எடுத்து மீண்டும் மருந்திட்டுவிடலாம் அல்லவா? ஆதலால் குறட்டினால் அதன் வாயை நசுக்கித் தட்டையாக்கி, பழைய பித்தளை வாங்குபவருக்கென வைத்த வாளியிலே இடுவர்.